விஎம்முக்குள் லினக்ஸ்: ராமநாதபுரக் கடற்கரையில் கைவந்த பாடங்கள்

"அண்ணே, இதை அமுக்குனா என் விண்டோஸ் போயிருமா?"

மண்டபமோ தங்கச்சிமடமோ கீழக்கரையோ, லினக்ஸ் பழக உட்காரும் பிள்ளைகள் ஓரிடத்தில் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு இப்படிக் கேட்பார்கள். இன்ஸ்டாலர் திரையில் "எரேஸ் டிஸ்க் அண்ட் இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்" என்ற வரிக்குப் பக்கத்தில் புள்ளி விழுந்திருக்கும் இடம் அது. பயப்படுவது சரிதான். கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் வீட்டுக்கு ஒரே மடிக்கணினிதான். அக்காவின் தேர்வு விண்ணப்பம், அப்பாவின் படகு சம்பந்தப்பட்ட ஸ்கேன் காப்பிகள், கல்யாண போட்டோக்கள் எல்லாம் அதில்தான் கிடக்கும்.

அதனால் பதிலை வாயால் சொல்வதைவிடத் திரையில் காட்டுவது நல்லது. "இன்ஸ்டால் நவ்" அமுக்குவதற்கு முன் "சம்திங் எல்ஸ்" என்ற வரியைத் தேர்ந்து அடுத்த பக்கத்துக்குப் போனால் டிஸ்க்கின் பெயரும் அளவும் தெரியும். விர்ச்சுவல்பாக்ஸ் என்பது விண்டோஸுக்குள்ளேயே இன்னொரு கணினியை (விர்ச்சுவல் மெஷின், சுருக்கமாக விஎம்) உருவாக்கித் தரும் மென்பொருள். அதற்குள் இருந்தால் அங்கே "விபாக்ஸ் ஹார்டுடிஸ்க்" என்ற பெயரும் 26.8 ஜிபி என்ற அளவும் இருக்கும். நாம் கொடுத்தது 25 ஜிபிதானே, 26.8 எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். விர்ச்சுவல்பாக்ஸ் ஒரு ஜிபியை 1024 முறையில் எண்ணுகிறது, இன்ஸ்டாலர் 1000 முறையில் எண்ணுகிறது. இடம் ஒன்றுதான். அந்த 26.8 ஜிபி உங்கள் சி டிரைவில் இருக்கும் ஒற்றைக் கோப்பு. அழிந்தால் அந்தக் கோப்பின் உள்ளடக்கம் மட்டும் அழியும். பெயரைப் பார்த்தபின் "பேக்" அமுக்கித் திரும்பி "எரேஸ் டிஸ்க்" வரியையே தேர்ந்துகொள்ளலாம்.

இதே திரை பென்டிரைவிலிருந்து நேரடியாக பூட் செய்த மடிக்கணினியில் வந்தால் சீகேட், டோஷிபா, டபிள்யூடி என்று ஏதாவது ஒரு நிஜப் பெயரும் 500 ஜிபி, 1000 ஜிபி என்ற அளவும் காட்டும். அங்கே "எரேஸ்" அமுக்கினால் கல்யாண போட்டோ போனது போனதுதான். டிஸ்க்கின் பெயரையும் அளவையும் வாய்விட்டுப் படித்த பிறகே அமுக்குவது என்ற பழக்கத்தை விஎம்மில் பழகும்போதே கைக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். பிறகு டூயல் பூட்டுக்கு, அதாவது ஒரே மெஷினில் விண்டோஸையும் லினக்ஸையும் அருகருகே வைக்கப் போகிறவர்களை இந்தப் பழக்கம்தான் காப்பாற்றும்.

லினக்ஸ் இந்தக் கரைக்குப் புதிதல்ல. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த மெஷின்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்து, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கியது அது. பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் பார்மட் அடித்து விண்டோஸை மட்டும் ஏற்றித் திருப்பித் தந்ததில் பல வீடுகளில் அது காணாமல் போனது. இருந்ததே பலருக்குத் தெரியாது.

மெஷின் தாங்குமா

அந்தத் திட்டத்தின் முதல் வருட மெஷின்களில் ரேம் 2 ஜிபி. அவற்றில் விஎம் ஓட்ட முயல வேண்டாம். விண்டோஸுக்கே போதாத இடத்தில் இன்னொரு கணினியைக் குடிவைத்தால் இரண்டும் நகராது. அந்த மெஷினுக்கு லேசான லினக்ஸை நேரடியாக ஏற்றுவதுதான் மரியாதை.

4 ஜிபி இருந்தால் விஎம்முக்கு 2048 எம்பி கொடுக்கலாம். ஆனால் விஎம் ஓடும்போது விண்டோஸ் பக்கம் குரோம் திறந்திருக்கக் கூடாது. 8 ஜிபி இருந்தால் 4096 எம்பி கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். விர்ச்சுவல்பாக்ஸில் ரேம் அளவை நகர்த்தும் கோட்டில் பச்சை, சிவப்பு என்று நிறம் காட்டும். பச்சை முடியும் இடத்தைத் தாண்டாதீர்கள். அதிகம் கொடுத்தால் லினக்ஸ் வேகமாக ஓடும் என்று நினைப்பார்கள். விண்டோஸ் மூச்சுத் திணறி டிஸ்க்கில் ரேமை எழுத ஆரம்பித்தால் உள்ளே இருப்பதும் சேர்ந்துதான் நிற்கும்.

ரேமைவிட ஆளைக் கொல்வது பழைய சுழலும் ஹார்டு டிஸ்க். எஸ்எஸ்டியில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடியும் இன்ஸ்டால், இதில் முக்கால் மணி நேரம் வரை இழுக்கும். பழைய மெஷினுக்குச் செலவழிக்கக் கையில் கொஞ்சம் காசு இருந்தால் முதலில் எஸ்எஸ்டி, பிறகு ரேம்.

அடுத்து பிராசஸர். விஎம் ஓட அதில் விர்ச்சுவலைசேஷன் என்ற வசதி திறந்திருக்க வேண்டும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு மேல் கிளிக் செய்யுங்கள். கீழே "விர்ச்சுவலைசேஷன்: எனேபிள்டு" என்று இருக்க வேண்டும். "டிசேபிள்டு" என்றால் பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், மெஷினின் அடிப்படை அமைப்புத் திரை) போய்த் திறக்க வேண்டும். நுழையும் விசை டெல், ஏசரில் பெரும்பாலும் எஃப்2, எச்பியில் எஃப்10, லெனோவாவில் எஃப்1 அல்லது எஃப்2. இன்டெல் மெஷின்களில் "இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி" அல்லது "விடி-எக்ஸ்" என்றும், ஏஎம்டியில் "எஸ்விஎம் மோடு" என்றும் பெயர் இருக்கும். ஷட்டவுன் செய்து திரும்ப ஆன் செய்தால் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் குறுக்கே வந்து பயாஸுக்குள் விடாமல் ஓடிவிடும். ரீஸ்டார்ட் கொடுத்து, லோகோ வருமுன் விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள்.

விர்ச்சுவல்பாக்ஸ் 6.1 பதிப்பிலிருந்து இந்த வசதி இல்லாத பிராசஸரில் விஎம் ஓடவே ஓடாது. விஎம் உருவாக்கும்போது பட்டியலில் 64-பிட் வரிகளே இல்லாமல் 32-பிட் மட்டும் தெரிந்தாலும், "விடி-எக்ஸ் இஸ் டிசேபிள்டு இன் த பயாஸ்" என்று பிழை வந்தாலும் காரணம் இதுதான். லினக்ஸ் ஐஎஸ்ஓவை (இன்ஸ்டால் சிடியின் உள்ளடக்கம் மொத்தமும் அடங்கிய ஒரே கோப்பு) மாற்றி மாற்றி டவுன்லோடு செய்து டேட்டாவைக் கரைக்க வேண்டாம்.

எனேபிள்டு என்று காட்டியும் விஎம் நத்தை மாதிரி ஊர்ந்தால், விஎம் ஜன்னலின் அடிப்பட்டையில் பச்சை நிற ஆமை ஒன்று இருக்கிறதா பாருங்கள். விண்டோஸின் சொந்த விஎம் வசதியான ஹைப்பர்-வி ஏற்கெனவே பிராசஸரின் அந்த வசதியைப் பிடித்து வைத்திருக்கிறது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் முதுகில் ஏறி ஓடுகிறது என்று பொருள். "டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்" திறந்து ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் மூன்றிலும் டிக்கை எடுத்து ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். அப்படியும் ஆமை போகவில்லை என்றால் விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசொலேஷனுக்குள் இருக்கும் "மெமரி இன்டெக்ரிட்டி" காரணமாக இருக்கலாம். அது ஒரு பாதுகாப்பு அரண். வேகம் சகிக்கும்படி இருந்தால் ஆமை இருந்துவிட்டுப் போகட்டும், அரணைத் திறக்காதீர்கள் என்பதே எங்கள் கருத்து.

ஐஎஸ்ஓ முழுசாக வந்ததா

எந்த லினக்ஸ் என்ற விவாதத்துக்கு முடிவே கிடையாது. விஎம்மில் முதன்முதலாகப் பழக, எங்கள் தேர்வு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. ஐஎஸ்ஓ ஏறக்குறைய 3 ஜிபி. உபுண்டு 24.04 ஐஎஸ்ஓ அதைப்போல இரண்டு மடங்கு. டெபியன் நெட்இன்ஸ்ட் 1 ஜிபிக்கும் குறைவு என்று பார்த்து ஆசைப்படுவார்கள். மீதி எல்லாவற்றையும் இன்ஸ்டால் ஓடும்போதே இழுக்கும், நடுவில் சிக்னல் போனால் பாதியில் நிற்கும். கடற்கரையில் அது ஒத்துவராது.

தினம் ஒன்றரை ஜிபி, 2 ஜிபி என்ற பிளானில் இருக்கும் ஒருவர் 3 ஜிபியை ஒரே மூச்சில் இறக்க முடியாது. பிரவுசரில் பாதியில் அறுந்த டவுன்லோடு சில சமயம் முதலிலிருந்து தொடங்கும், சில சமயம் அரைகுறைக் கோப்பையே முழுசு என்று சொல்லி நிற்கும். டொரன்ட் வழியே இறக்குங்கள். மின்ட்டின் தளத்திலேயே டொரன்ட் இணைப்பு இருக்கிறது, இது முழுக்கச் சட்டப்படியானது. துண்டு துண்டாக இறக்கி ஒவ்வொரு துண்டையும் சரிபார்த்தே சேர்க்கும். இன்று பாதி, நள்ளிரவு கோட்டா புதுப்பித்த பிறகு மீதி என்று நிறுத்தி நிறுத்தி இறக்கினாலும் கெடாது.

நண்பரின் பென்டிரைவிலிருந்தோ கடையிலிருந்தோ வாங்கிய ஐஎஸ்ஓ என்றால் எஸ்எச்ஏ-256 (கோப்பின் கைரேகை மாதிரியான ஒரு சரம்) சரிபார்ப்பைத் தவற விடாதீர்கள். செவன்-ஜிப் இருந்தால் கோப்பின் மேல் ரைட் கிளிக், "சிஆர்சி எஸ்எச்ஏ", பிறகு "எஸ்எச்ஏ-256". வரும் 64 எழுத்துச் சரத்தை மின்ட் தளம் கொடுத்திருக்கும் சரத்தோடு ஒப்பிட வேண்டும். முதல் எட்டு, கடைசி எட்டு எழுத்து பொருந்தினாலே அறுபட்ட கோப்பா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

இது வெறும் சம்பிரதாயம் கிடையாது. 2016 பிப்ரவரி 20 அன்று மின்ட்டின் தளத்துக்குள்ளேயே புகுந்து, 17.3 சின்னமன் பதிப்பின் டவுன்லோடு இணைப்பைப் பின்வாசல் வைத்த ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள். தளத்தைப் பிடித்தவர்கள் அதில் உள்ள சரத்தையும் மாற்றிவிட முடியும் என்பதால், சரத்தை வேறொரு மிரர் தளத்திலிருந்தும் (அதே கோப்புகளின் நகலை வைத்திருக்கும் தளம்) எடுத்துப் பார்ப்பது நல்லது.

கெட்ட ஐஎஸ்ஓ எப்படிக் கழுத்தறுக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாம் நன்றாகத்தான் போகும். பெயர், பாஸ்வேர்டு எல்லாம் கேட்கும். கோப்புகளை நகலெடுக்கும்போது பாதிக்கு மேல் போய் "எர்ர்நோ 5, இன்புட்/அவுட்புட் எரர்" என்று நிற்கும். கூடவே சிடியில் கீறல் இருக்கலாம், டிரைவில் கோளாறு இருக்கலாம், ஹார்டு டிஸ்க் பழையதாக இருக்கலாம் என்று விளக்கமும் வரும். சிடியே இல்லாத மெஷினில் சிடியைத் துடைக்கச் சொல்கிறதே என்று பிள்ளைகள் விழிப்பார்கள். விஎம்மில் அந்தச் சிடி என்பது நம் ஐஎஸ்ஓ கோப்புதான். பத்தில் ஒன்பது முறை ஐஎஸ்ஓ அரைகுறை. சரிபார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

விர்ச்சுவல்பாக்ஸில் கொடுக்க வேண்டியவை

விர்ச்சுவல்பாக்ஸை ஏற்றும்போது நெட்வொர்க் சற்று நேரம் துண்டிக்கப்படும் என்று எச்சரிக்கை வரும். நிஜமாகவே துண்டிக்கும். டவுன்லோடு ஓடிக்கொண்டிருந்தால் முடியட்டும். "மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ 2019" வேண்டும் என்று முரண்டு பிடித்தால் அந்த ரீடிஸ்ட்ரிபியூட்டபிளை முதலில் போட்டுவிட்டு வாருங்கள். எக்ஸ்டென்ஷன் பேக் இப்போதைக்குத் தேவையில்லை.

"நியூ" அமுக்கி, பெயர் கொடுத்து, ஐஎஸ்ஓவைக் காட்டிய உடனேயே ஒரு பள்ளம் காத்திருக்கிறது. 7.0 பதிப்பிலிருந்து விர்ச்சுவல்பாக்ஸ் தானே இன்ஸ்டால் செய்து தருகிறேன் என்று முன்வரும். இதற்கு "அன்அட்டெண்டட் இன்ஸ்டலேஷன்" என்று பெயர். கவனிக்காமல் விட்டால் அது பாட்டுக்கு உபுண்டு போன்ற லினக்ஸை ஏற்றி "விபாக்ஸ்யூசர்" என்று ஒரு யூசரை உருவாக்கி, "சேஞ்ச்மீ" என்று பாஸ்வேர்டு வைத்துவிடும். உள்ளே போனால் சூடோ (நிர்வாகி உரிமையோடு கட்டளையை ஓட்டும் முறை) கொடுக்கும்போது "நாட் இன் த சூடோயர்ஸ் ஃபைல்" என்று விரட்டும். சில பதிப்புகளில் டெர்மினல் (கட்டளைகளை அடிக்கும் ஜன்னல்) திறப்பதுபோல் சுழன்று மூடிக்கொள்ளும். உதவி கேட்டு வருவோரில் பாதிப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். "ஸ்கிப் அன்அட்டெண்டட் இன்ஸ்டலேஷன்" என்ற கட்டத்தில் டிக் வையுங்கள். புதிய பதிப்புகளில் வாசகம் தலைகீழாக "ப்ரொசீட் வித் அன்அட்டெண்டட்" என்று இருந்தால் அங்கே டிக்கை எடுங்கள். கற்றுக்கொள்ள வந்தவர் இன்ஸ்டாலின் ஒவ்வொரு திரையையும் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதாலும் இதை வலியுறுத்துகிறோம்.

மின்ட் என்று பட்டியலில் இல்லாவிட்டால் வகை லினக்ஸ், பதிப்பு உபுண்டு 64-பிட். பிராசஸர் 2. டிஸ்க் 25 ஜிபி, கோப்பு வகை விடிஐ, "ப்ரீ-அலோகேட்" டிக் இல்லாமல். இப்படி வைத்தால் உடனே 25 ஜிபியை விழுங்காது. மின்ட் ஏறி முடிந்ததும் கோப்பு ஏறக்குறைய 10 ஜிபிக்கு வரும், பயன்படுத்தப் பயன்படுத்த வளரும். வளர்ந்தது தானாகச் சுருங்காது. உள்ளே ஒரு படத்தை அழித்தாலும் வெளியே விடிஐ கோப்பு அதே அளவில்தான் நிற்கும். சி டிரைவில் இடம் முற்றிலும் தீர்ந்தால் விஎம் பாதியில் இடைநிறுத்தமாகி நிற்கும். பதறி ஜன்னலை மூடாதீர்கள். விண்டோஸில் குப்பையை அகற்றி இடம் ஏற்படுத்திவிட்டு விஎம்மைத் தொடரச் சொன்னால் விட்ட இடத்திலிருந்து ஓடும்.

டிஸ்ப்ளே செட்டிங்கில் வீடியோ மெமரி 128 எம்பி, கிராஃபிக்ஸ் கண்ட்ரோலர் விஎம்எஸ்விஜிஏ, 3டி ஆக்சிலரேஷன் இப்போதைக்கு வேண்டாம். ஸ்டார்ட் செய்ததும் கறுப்புத் திரையே நின்றால் மின்ட்டின் தொடக்க மெனுவில் "கம்பாட்டிபிலிட்டி மோடு" தேர்ந்து பாருங்கள்.

இன்ஸ்டால் திரைகள்

டெஸ்க்டாப் வந்ததும் "இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்" ஐகானை டபுள் கிளிக் செய்யலாம். திரை சின்னதாக வந்து இன்ஸ்டாலரின் "கன்டின்யூ" பட்டன் கீழே மறைந்துபோனால் ஆல்ட் விசையைப் பிடித்தபடி ஜன்னலின் உடம்பில் எங்கே வேண்டுமானாலும் மவுஸால் பிடித்து மேலே இழுக்கலாம். டெபியன், லுபுண்டு போடுகிறவர்களுக்கு இது அடிக்கடி வேண்டியிருக்கும்.

மொழி தமிழாகவே இருக்கட்டும், தடையில்லை. கீபோர்டு மட்டும் இங்கிலிஷ் யுஎஸ் என்று விடுங்கள். யூசர்நேம் ஆங்கிலச் சிற்றெழுத்தில்தான் இருக்க வேண்டும், பாஸ்வேர்டும் கண்ணுக்குத் தெரியாமல் அடிக்க வேண்டியது. மல்டிமீடியா கோடெக் டிக் வைத்தால் நெட்டிலிருந்து இழுக்கும், கோட்டா குறைவு என்றால் விட்டுவிடுங்கள், பிறகு போட்டுக்கொள்ளலாம். ஊர் கேட்கும்போது கொல்கத்தா. நகலெடுத்து முடிந்து ரீஸ்டார்ட் செய்யும்போது "ரிமூவ் த இன்ஸ்டலேஷன் மீடியம்" என்று வரும், என்டர் போதும். திரும்பவும் இன்ஸ்டால் ஐகானோடு பழைய திரையே வந்தால் ஐஎஸ்ஓ இன்னும் டிரைவில் செருகியிருக்கிறது. மேலே "டிவைசஸ்", "ஆப்டிகல் டிரைவ்ஸ்" போய் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

மவுஸோ கீபோர்டோ உள்ளே மாட்டிக்கொண்டு வெளியே வரவில்லை என்றால் வலப்பக்கக் கண்ட்ரோல் விசை.

உள்ளே போனபின்

வைஃபை ஐகானைத் தேடாதீர்கள், இருக்காது. விண்டோஸ் எந்த வழியில் நெட்டில் இருக்கிறதோ, அது மொபைல் ஹாட்ஸ்பாட்டாக இருந்தாலும், உள்ளே இருக்கும் லினக்ஸுக்கு அது ஒயர் செருகிய இணைப்பாகத்தான் தெரியும். நேட் என்ற முறை இது. முகவரி பெரும்பாலும் 10.0.2.15 என்று இருக்கும். அதைப் பிரிட்ஜ்டு (விஎம் தனி மெஷின் மாதிரி நெட்வொர்க்கில் நேரடியாகச் சேரும் முறை) என்று மாற்றச் சொல்லி யாராவது அறிவுரை சொன்னால், ஹாட்ஸ்பாட்டில் இருக்கும்வரை கேட்காதீர்கள். பல சமயம் முகவரியே கிடைக்காமல் நிற்கும்.

மின்ட்டில் கெஸ்ட் அடிஷன்ஸ் (விஎம்மையும் விர்ச்சுவல்பாக்ஸையும் இணைக்கும் துணை மென்பொருள்) முன்பே இருக்கும், அதனால் ஜன்னலைப் பெரிதாக்கினால் திரையும் பெரிதாகும். விண்டோஸ் போல்டரை உள்ளே பார்க்க ஷேர்டு போல்டர் வைத்து "ஆட்டோ-மவுண்ட்" டிக் செய்தும், திறந்தால் அனுமதி இல்லை என்று சொல்லும். உங்கள் யூசரை விபாக்ஸ்எஸ்எஃப் என்ற குழுவில் சேர்க்க வேண்டும். டெர்மினலில் சூடோ, ஆட்யூசர், உங்கள் யூசர்நேம், விபாக்ஸ்எஸ்எஃப் என்று இடைவெளி விட்டு வரிசையாக அடித்து விஎம்மை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் திறக்கும். ரீஸ்டார்ட் செய்யாமல் திரும்பத் திரும்ப முயல்வதில்தான் நேரம் போகிறது.

தமிழ் தட்டச்சு பற்றி ஒரு குழப்பம் எல்லோருக்கும் வரும். விண்டோஸில் என்எச்எம் ரைட்டரோ இ-கலப்பையோ ஓடிக்கொண்டிருக்கும், விஎம்முக்குள் அடித்தால் ஆங்கிலமே வரும். விர்ச்சுவல்பாக்ஸ் எந்த எழுத்து என்று அனுப்புவதில்லை, எந்த விசை அமுக்கப்பட்டது என்பதைத்தான் அனுப்புகிறது. எழுத்தாக மாற்றுவது உள்ளே இருக்கும் லினக்ஸின் வேலை. அதற்கு சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் தொகுப்பை நிறுவி, லாக் அவுட் செய்து வந்து, ஐபஸ் அமைப்பில் தமிழ்99 அல்லது ஃபொனெடிக் சேர்க்க வேண்டும். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டி அரசு ஏற்றுக்கொண்ட அதே தமிழ்99 விசைமுறைதான். கீபோர்டு லேஅவுட் பட்டியலிலும் தமிழ்நெட்99 என்று ஒரு வரி இருக்கும். அதில் உயிரும் மெய்யும் தாமாகச் சேராது, புள்ளி தானாக விழாது. ஐபஸ் வழிதான் சரி.

கரண்ட், உப்பு, சூடு

இன்ஸ்டால் வழிகாட்டிகள் எதிலும் இது இருக்காது. இந்தக் கரையில் விஎம் கெடுவதற்கு முக்கியக் காரணம் கரண்ட் போவது. பாட்டரி செத்த மடிக்கணினியைச் சார்ஜரிலேயே ஓட்டும் வீடுகள் நிறைய. கரண்ட் போன நொடியில் விண்டோஸும் உள்ளே இருக்கும் லினக்ஸும் சேர்ந்து விழும். மாதாந்திரப் பராமரிப்புக்கு நிறுத்துவதை முந்தின நாள் நாளிதழில் "நாளைய மின்தடை" என்று போடுவார்கள், அதைப் பார்த்து நாளைத் தேர்ந்துகொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் போவதற்கு அறிவிப்பு கிடையாது. வானம் கறுத்ததும் விஎம் ஜன்னலை மூடி "சேவ் த மெஷின் ஸ்டேட்" கொடுங்கள். 2 ஜிபி ரேம் என்றால் ஹார்டு டிஸ்க்கில் அரை நிமிட வேலை. ரேமில் இருந்ததெல்லாம் அப்படியே கோப்பாக உட்கார்ந்துவிடும்.

அதற்குள் கரண்ட் போய்விட்டால், அடுத்த முறை லினக்ஸ் "இனிட்ராம்எஃப்எஸ்" என்ற அடைப்புக்குறியோடு வெறும் எழுத்துத் திரையில் நிற்கக்கூடும். மறுபடி இன்ஸ்டால் செய்ய ஓடாதீர்கள். எக்சிட் என்று அடித்தால் எந்தப் பார்ட்டிஷன் கெட்டிருக்கிறது என்று பெயரோடு சொல்லும். எஸ்டிஏ3 என்று சொன்னதாக வைத்துக்கொள்வோம். எஃப்எஸ்சிகே, இடைவெளி, சிறுகோடு ஒய், இடைவெளி, பிறகு திரையில் காட்டிய அதே பெயரை டெவ் என்ற முன்பகுதி, சாய்கோடுகளோடு முழுசாக அடித்து என்டர். வரிவரியாக எதையெதையோ சரிசெய்து முடிக்கும். பிறகு ரீபூட். பெரும்பாலும் எழுந்துவிடும்.

சேவ் ஸ்டேட்டில் இரண்டு நாள் கிடந்த விஎம்மைத் திறந்ததும் அப்டேட் கொடுத்தால் "ரிலீஸ் ஃபைல் இஸ் நாட் வேலிட் யெட்" என்று மறுப்பதும் உண்டு. நெட்டில் கோளாறு என்று நினைத்து டேட்டா கார்டை மாற்றுவார்கள். உள்ளே இருக்கும் கடிகாரம் இரண்டு நாள் பின்தங்கி நிற்கிறது, அவ்வளவுதான். நேரத்தைச் சரிசெய்தால் போதும்.

சூடு அடுத்தது. உப்பும் ஈரமும் கலந்த காற்றில் தூசு வெறும் தூசாக இருக்காது, பிசுபிசுத்து ஃபேன் இறக்கையிலும் காப்பர் தகட்டின் இடுக்கிலும் ஒட்டும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மணலும் சேரும். வேர்ட், பிரவுசர் ஓடும்வரை தெரியாது, விஎம் ஓடி பிராசஸர் முழு வேகத்தில் போகும்போது மெஷின் கொதித்துத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அல்லது பொட்டென்று அணைந்துவிடும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் சித்திரை வெயில் மத்தியானத்தில் இன்ஸ்டாலை வைக்காமல் விடியற்காலையில் வையுங்கள். மெத்தை மேல் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். விண்டோஸின் அட்வான்ஸ்டு பவர் செட்டிங்கில் "மேக்சிமம் பிராசஸர் ஸ்டேட்" என்ற வரி தெரிந்தால் 100-ஐ 99 ஆக்கிப் பாருங்கள். டர்போ வேகம் நின்று சூடு சட்டென்று இறங்கும், விஎம்மின் வேகத்தில் பெரிய இழப்பு தெரியாது. வருடத்துக்கு ஒருமுறையாவது ஃபேனைத் திறந்து பிரஷ்ஷால் சுத்தம் செய்யக் கொடுக்க வேண்டும், பார்மட் அடிக்க வேண்டாம் என்று சொல்லியே கொடுங்கள்.

பென்டிரைவின் செப்புப் பட்டைகளிலும் உப்பு பச்சையாகப் பூக்கும். ஐஎஸ்ஓ நகலெடுக்கும்போது விட்டுவிட்டு நின்றால், பென்சில் ரப்பரால் அந்தப் பட்டைகளை மெல்லத் தேய்த்துத் துடைத்துவிட்டு மறுபடி செருகிப் பாருங்கள்.

ஸ்னாப்ஷாட்டும் ஓவிஏவும்

இன்ஸ்டால் முடிந்து, தமிழும் வந்து, எல்லாம் சரியாக இருக்கும் அந்த நிமிடத்தில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள். அதன் பிறகு எதைக் கெடுத்தாலும் அந்த நிமிடத்துக்குத் திரும்பலாம். தைரியமாகக் கட்டளைகளை அடித்துப் பழக இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் ஸ்னாப்ஷாட்டுகளை அடுக்கிக்கொண்டே போனால் டிஸ்க் நிறையும். இரண்டுக்கு மேல் வேண்டாம். ஹார்டு டிஸ்க் செத்தால் ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்தே போகும் என்பதால் அதை பேக்கப் என்று நம்பக் கூடாது.

பேக்கப்புக்கு விஎம்மை ஷட்டவுன் செய்து "எக்ஸ்போர்ட் அப்ளையன்ஸ்" கொடுத்து ஓவிஏ கோப்பாக எடுங்கள். அதைப் பென்டிரைவில் போடப் போனால், இடம் நிறைய இருந்தும் "ஃபைல் டூ லார்ஜ்" என்று சொல்லும். கடையில் வாங்கும் பென்டிரைவ்கள் பல ஃபேட்32 முறையில் வருகின்றன, அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. உள்ளே இருப்பதை வேறிடத்தில் வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட்டாக பார்மட் செய்தால் ஏறும்.

ஒருவர் செய்து முடித்த ஓவிஏவைப் பாம்பனிலோ தொண்டியிலோ இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்தால் அந்தப் பிள்ளை 3 ஜிபி டவுன்லோடும் செய்ய வேண்டாம், முக்கால் மணி நேரமும் காத்திருக்க வேண்டாம். கொடுக்கும் முன் சொந்தக் கோப்புகளையும் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் அழித்துவிடுங்கள். வாங்கியவர் இம்போர்ட் செய்யும்போது மேக் அட்ரஸ் (நெட்வொர்க்கில் ஒரு மெஷினின் அடையாள எண்) பாலிசி என்ற இடத்தில் "ஜெனரேட் நியூ மேக் அட்ரஸஸ்" என்ற வரியைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஒரே லேபில் பத்து மெஷினில் ஒரே ஓவிஏவை ஏற்றி, எல்லாவற்றுக்கும் ஒரே மேக் முகவரி இருந்து, பிறகு யாராவது பிரிட்ஜ்டு முறைக்கு மாற்றினால், ஒருவருக்கு நெட் வரும்போது இன்னொருவருக்கு அறுந்துகொண்டே இருக்கும். இம்போர்ட் முடிந்து முதலில் உள்ளே போனதும் செய்ய வேண்டியது, பாஸ்வேர்டை மாற்றுவது.